‘இடம் இருக்குமானால்’: ஓர் ஆங்கில நகரத்தில் பல் மருத்துவரைத் தேடுதல்

இங்கிலாந்தின் பல் மருத்துவ நெருக்கடியைக் குறித்து இந்தியக் கல்வியாளர்களிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. அங்கே பல் மருத்துவர்கள் போதவில்லை என்பது ஒன்று. அரசு எதை இலவசமாகக் கொடுத்தாலும் கடைசியில் இப்படித்தான் முடியும் என்பது மற்றொன்று. முதலாவது பாதிப் பொய்; இரண்டாவது முழுப் பொய். இவற்றைச் சொல்பவர்கள் ஓர் ஆங்கில நகரத்தில் கடைவாய்ப் பல் வலியோடு ஓர் இரவைக் கழித்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை.

இங்கிருந்து நார்விச் நகருக்கு ஆய்வுப் படிப்புக்காகச் செல்லும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், தங்கப்போகும் காலம் முழுமைக்கும், சுகாதார மேல்வரியை அவர் செலுத்திவிடுகிறார். போய்ச் சேர்ந்ததும் பொது மருத்துவரிடம் பதிவு செய்துகொள்கிறார்; அதில் சிக்கல் ஏதுமில்லை. சில மாதங்களில் பல் வலிக்கிறது. என்.எச்.எஸ். என்னும் தேசிய சுகாதாரச் சேவையின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டதும் மருத்துவமனைகளின் நீண்ட பட்டியல் விரிகிறது. ஒவ்வொரு பெயரின் கீழும் பெரும்பாலும் இரண்டு செய்திகளுள் ஒன்று காணப்படும். இடம் இருக்குமானால் இம்மருத்துவமனை புதிய நோயாளிகளை ஏற்கும் என்பது ஒன்று. புதியவர்களை ஏற்கிறதா என்பது பற்றி இம்மருத்துவமனை அண்மையில் தகவல் தரவில்லை, நேரடியாகக் கேட்டறிக என்பது மற்றொன்று.

மொழியியல் மாணவர்கள் இந்த வாக்கியங்களின்முன் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘இடம் இருக்குமானால்’ என்பது நிபந்தனைத் தொடர். நம் இலக்கண மரபில் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு எச்சம் செய்யும் வேலையை இது செய்கிறது. நிபந்தனைத் தொடரின் தனித்தன்மை, நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாவிட்டாலும் வாக்கியம் பொய்யாவதில்லை என்பது. நூறு ஆண்டுகள் எவரையும் ஏற்காத மருத்துவமனையும் ‘இடம் இருக்குமானால் ஏற்போம்’ என்று உண்மையாகவே எழுதி வைக்கலாம். இரண்டாம் வாக்கியமோ எதையும் உறுதி செய்வதில்லை, மறுப்பதுமில்லை. ஓர் அரசுச் சேவை, தான் இருக்கிறதா இல்லையா என்பதைத் தானே அறியாது என்று அச்சேற்றி, அதைக் கண்டறியும் வேலையை நோயாளியின் தலையில் கட்டுகிறது. மறுப்பு என்னும் பேச்சுச் செயல் நிகழ்கிறது. மறுத்தவர் என்று எவருமில்லை.

மாணவி ஒவ்வோர் எண்ணாக அழைக்கிறார். என்.எச்.எஸ்.ஸுக்கு இடமில்லை, காத்திருப்போர் பட்டியலும் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதே மூச்சில் அடுத்த செய்தியும் வருகிறது: தனிக் கட்டணத்தில் என்றால் வியாழக்கிழமை வரலாம். அதே மருத்துவர், அதே நாற்காலி, அதே துளைகருவி. கடன் அட்டையைக் கண்டதும் மறைந்துவிடும் பற்றாக்குறையை ஆள் பற்றாக்குறை என்று அழைப்பது எவ்வகை நேர்மை?

ஐக்கிய இராச்சியத்தில் பதிவு பெற்ற பல் மருத்துவர்கள் 40,000-க்கும் மேல். இங்கிலாந்தில் ஓராண்டில் என்.எச்.எஸ். பணி செய்தோர் என்று அரசு காட்டும் எண்ணிக்கை ஏறத்தாழ 24,000. அந்த எண்ணிக்கையிலும் ஒரு சூது உண்டு. ஆண்டு முழுதும் அச்சேவைக்கே உழைப்பவரும், ஆண்டில் ஒரே ஒரு பரிசோதனை செய்தவரும் அதில் தலைக்கு ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். நாட்டில் பல் மருத்துவர் இருக்கிறார். அவருடைய நேரம்தான் பொதுச் சேவையிலிருந்து நழுவிவிட்டது. அது ஏன் நழுவிற்று என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

விடை 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்குமுன் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் இருந்தது. அதற்கும் குறைகள் உண்டு. தேவையற்ற துளையிடலை அது ஊக்குவித்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. புதிய ஒப்பந்தம் ‘பல் பணி அலகு’ என்னும் ஒன்றைக் கண்டுபிடித்தது. பரிசோதனைக்கு 1 அலகு. பல் அடைத்தல், பிடுங்குதல், வேர்ச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 அலகு. பல் உறை, பல்செட் போன்றவற்றுக்கு 12 அலகு. ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பற்களை அடைத்தாலும் அதே 3 அலகுதான். பல்லாண்டுகள் மருத்துவரைக் காணாமல் வாய் முழுதும் சொத்தையோடு வரும் ஏழைக்கு மணிக்கணக்கில் வேலை செய்தாலும், அரை மணியில் முடியும் ஒற்றை அடைப்புக்குக் கிடைக்கும் தொகையே கிடைக்கும். யாருக்கு மருத்துவம் மிகுதியாகத் தேவையோ அவரே மருத்துவமனைக்கு நட்டக் கணக்காக ஆனார். எவரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. எண்கள் தாமாகவே செய்தன. 2022 நவம்பரில்தான் இந்த ஏற்பாடு சிறிது தளர்ந்தது: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பற்களுக்கு 5 அலகு, கடைவாய்ப் பல்லின் வேர்ச் சிகிச்சைக்கு 7 அலகு. இந்தத் திருத்தத்துக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இன்னொன்றும் உண்டு. ஒப்பந்த இலக்கில் 96 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஊதியத்தின் உரிய பகுதியை அரசு திரும்பப் பெற்றுக்கொள்ளும். மக்கள் வரிசையில் நிற்க, பல் மருத்துவத்துக்கென ஒதுக்கிய பணம் அதற்குச் செலவாகாமல் திரும்பிய விந்தை இப்படித்தான் நிகழ்ந்தது.

‘பதிவு’ என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. 1990ஆம் ஆண்டு ஒப்பந்தம் நோயாளியை ஒரு பல் மருத்துவரிடம் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. 2006 ஒப்பந்தம் அதை ஒழித்தது. இன்று ஒரு பல் மருத்துவமனைக்கும் நோயாளிக்கும் உள்ள கடப்பாடு, நடக்கும் சிகிச்சை முடியும்வரை மட்டுமே. ஆனாலும் ஆங்கிலேயர் ‘என் பல் மருத்துவர்’ என்கிறார்கள், ‘பதிந்திருக்கிறேன்’ என்கிறார்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரும் ‘புதிய பதிவுகள் இல்லை’ என்றே சொல்கிறார். சட்டம் கொன்ற சொல் வழக்கில் உயிரோடு இருக்கிறது, அதுவும் ஆளைத் திருப்பி அனுப்பும் ஒரே வேலைக்காக. இரண்டாண்டு வராதவரை மருத்துவமனை தன் பட்டியலிலிருந்து நீக்கும்போது, இல்லாத உரிமை ஒன்றைத் தான் இழந்துவிட்டதாக அவர் நம்புகிறார்.

‘இலவசத்தின் விளைவு’ என்பாருக்கு வரலாறு தெரிய வேண்டும். 1948 ஜூலை 5 அன்று அன்யூரின் பெவன் தொடங்கிவைத்த சேவையில் பல் மருத்துவம் இலவசமாகவே இருந்தது. அந்த இலவசம் மூன்று ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1951 வரவுசெலவுத் திட்டத்தில், கொரியப் போரையொட்டிய படைக்கலச் செலவுக்காக, ஹியூ கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். பெவன் பதவி விலகினார். ஹரால்ட் வில்சனும் உடன் வெளியேறினார். அடுத்த ஆண்டே பல் சிகிச்சைக்கு ஒரு பவுண்டுக் கட்டணம் வந்தது. ஆக, வயதுவந்தோரில் விலக்குப் பெற்றவர் தவிர எவருக்கும் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இது இலவசமில்லை. 2025 ஏப்ரல் கணக்கில் முதல் படிக்கு 27.40 பவுண்டு, இரண்டாம் படிக்கு 75.30, மூன்றாம் படிக்கு 326.70. நார்விச் மாணவி மேல்வரி கட்டியிருந்தாலும் இக்கட்டணத்தைத் தனியே கட்டத்தான் வேண்டும். கட்டுவதற்கும் இடம் கிடைக்கவில்லை என்பதே அவர் குறை.

1992இல் அரசு கட்டணத்தை 7 விழுக்காடு குறைத்தபோதே மருத்துவர்களின் வெளியேற்றம் தொடங்கிவிட்டது. 1999இல் டோனி பிளேர், இரண்டாண்டுக்குள் எவரும் என்.எச்.எஸ். பல் மருத்துவரை அடைய இயலும் என்று உறுதியளித்தார். 2004இல் ஸ்கார்பரோ நகரில் புதிய மருத்துவமனை ஒன்று திறந்தபோது நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசையில் நின்றனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், பிரிஸ்டலின் செயின்ட் பால்ஸ் பகுதியில் அதே காட்சி. இம்முறை ஒழுங்குபடுத்தக் காவல்துறையும் வந்தது. இடையே 2022இல் பிபிசி ஏறத்தாழ 7,000 மருத்துவமனைகளை விசாரித்து, பத்தில் ஒன்பது புதிதாக வயதுவந்தோரை ஏற்பதில்லை என்று கண்டது. 2023இல் நாடாளுமன்றச் சுகாதாரக் குழு, 21ஆம் நூற்றாண்டில் ஏற்கவே இயலாத நிலை என்றது. மருத்துவமனையில் சேர்க்கப்படும் 5 முதல் 9 வயதுக் குழந்தைகளிடையே முதன்மையான காரணம் பற்சிதைவு. உலகின் பெருஞ்செல்வ நாடுகளுள் ஒன்றில்.

இந்நிலைக்கு அங்குள்ள ஊடகம் வைத்த பெயர் ‘பல் பாலைவனம்’. சஃபோக், நார்ஃபோக் பகுதிகளைச் சுட்ட இது மிகுதியாகப் பயன்படுகிறது. உருவகம் தவறு என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும், ஏனெனில் பாலைவனத்தை இயற்கை செய்கிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து அடைவதே பாலை என்று இளங்கோவடிகள் கருதினார்; அது தனி நிலமன்று, கெட்டுப்போன நிலம். சஃபோக்கின் லெய்ஸ்டன் சிற்றூரில் 2021இல் தெருவிறங்கிய மக்களுக்கு இது நன்கு தெரியும். அவர்கள் கண்முன் ஒரு மருத்துவமனை மூடப்பட்டது. மழை பொய்த்ததால் அன்று.

குடியேறிகள் வந்து நெரிசலாக்கிவிட்டார்கள் என்று கூறும் மூன்றாம் குரல் ஒன்று இங்கிலாந்திலேயே ஒலிக்கிறது. அதற்கு மறுமொழி அந்நாட்டு மருத்துவமனைகளின் உள்ளேயே நிற்கிறது. இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவர்கள் அங்கே பல் மருத்துவராகப் பணிபுரிய, வெளிநாட்டவர்க்கான பதிவுத் தேர்வில் வெல்ல வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 முதல் 2022 வரை அத்தேர்வே நடக்கவில்லை. அதன்பின்னும் இடங்கள் சில, போட்டியிடுவோர் பலர். தகுதி பெற்ற பல் மருத்துவர்கள் பலர் உதவியாளராக வேலை பார்த்தபடி தேர்வு நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். நோயாளியும் வரிசையில், மருத்துவரும் வரிசையில். ஆனால் இந்தத் தேர்வை எளிதாக்கினால் போதும் என்று முடிவுகட்டுவதும் பிழை. அவரும் தேறியபின் அதே ஒப்பந்தத்தையே எதிர்கொள்வார். அவருக்கும் வியாழக்கிழமை நாற்காலிதான் கட்டுபடியாகும்.

‘பாருங்கள், வெள்ளைக்காரனே பல்லுக்கு இந்தியா வருகிறான்’ என்று இங்கே சிலர் பெருமைப்படுகிறார்கள். விமானச் சீட்டு வாங்க முடிந்தவன் வருகிறான். பிரிஸ்டல் வரிசையில் நின்றவர்கள் அவர்கள் அல்லர்.

கடைசியாக, புள்ளிவிவரத்தை நம்பும் ஆய்வாளர்களுக்கு ஒரு சொல். சேவையை அடைவதில் வெற்றி விழுக்காடு என்று ஆண்டுதோறும் காட்டப்படும் எண், பொது மருத்துவர் வழியாக நடத்தப்படும் நோயாளர் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் என்.எச்.எஸ். பல் மருத்துவரை நாட முயன்றீர்களா என்று அது முதலில் கேட்கிறது. முயன்றவர்களுள் எத்தனை பேர் வென்றார்கள் என்பதே விழுக்காடாகிறது. பலமுறை அழைத்துச் சலித்து, வலி மாத்திரையோடு காலத்தை ஓட்டி, ஊருக்கு வரும் விடுமுறையில் பல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த அந்த நார்விச் மாணவி, இரண்டாண்டு கடந்ததும் முயலாதவர்களுள் ஒருவராகிவிடுகிறார். பகுதி எண்ணிலிருந்து அவர் நீங்குகிறார்; வெற்றி விழுக்காடு சற்றே உயர்கிறது.