கதவைப் பூட்டுவதும் தவ்பாவின் ஒரு பகுதியே



சூது ஹராம் என்பதில் நம் சமுதாயத்தில் எவருக்கும் ஐயமில்லை. சூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் மதுவையும் சூதையும் ஒன்றாகவே வைத்துக் கண்டிப்பதை மதரஸாவுக்குச் செல்லும் பிள்ளையும் அறியும். ஆயினும், அந்தச் சூதில் வீழ்ந்தவர் நம் வீட்டிலேயே இருந்தால் என்ன செய்வது என்று கேட்டால், ‘ஹராம், விட்டுவிடச் சொல்லுங்கள்’ என்பதற்கு மேல் நம்மவர் பலரிடம் விடையில்லை. இந்த விடை போதாது என்பதை, சிங்கப்பூரில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களை முன்னிட்டு இங்கே வலியுறுத்துகிறோம்.

2010ஆம் ஆண்டில் செந்தோசாவிலும் மரினா பேயிலும் இரு சூதாட்டக்கூடங்கள் திறக்கப்பட்டன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல 24 மணி நேரத்திற்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2019இல் அது 150 வெள்ளியாக உயர்ந்தது. நிதானமுள்ளவரை இக்கட்டணம் தயங்கச் செய்யலாம். சூதுக்கு அடிமையானவரோ அதனையும் மீட்டெடுக்க வேண்டிய முதல் நட்டமாகவே கருதுவார்.

இத்தகையோருக்காகவே சுயவிலக்கு என்னும் ஏற்பாடு உள்ளது. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் ஒருவர் தாமே விண்ணப்பித்து, தம்மைக் கூடத்திற்குள் அனுமதிக்கலாகாது என்று பதிவு செய்துகொள்ளலாம். குறைந்தது ஓராண்டுக்கு அதனை நீக்க இயலாது. அவர் வாயிலில் அடையாள அட்டையைக் காட்டும்போதே தடுக்கப்படுவார். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் விண்ணப்பித்துப் பெறும் குடும்ப விலக்கு உத்தரவும் உண்டு. சூதினால் குடும்பத்திற்குத் தீங்கு நேர்ந்ததா என்பதை ஒரு குழு விசாரித்து முடிவு செய்யும்.

இவ்வழியை நாடுமாறு கூறினால் நம்மிடையே மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது, ‘ஈமான் உள்ளவனுக்குப் படிவம் எதற்கு? அல்லாஹ்வுக்கு அஞ்சி நிறுத்தினால் போதாதா?’ என்பது. பக்திபோல் ஒலிக்கும் இச்சொல் மார்க்கத்தின் போதனைக்கு ஒத்ததன்று. தொண்ணூற்றொன்பது கொலைகள் செய்தவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய நிகழ்வு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. தவ்பாவின் வாயில் திறந்தே உள்ளது என்று அவருக்குச் சொன்ன அறிஞர் அத்துடன் நிற்கவில்லை. தீமை நிறைந்த ஊரை விட்டு நீங்கி, நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லுமாறும் பணித்தார். மனம் திருந்தியவருக்கே இடம் மாற்றம் தேவைப்பட்டது என்றால், சம்பள நாள்தோறும் பேஃபிரண்ட் இரயில் நிலையத்தில் கால்கள் தாமே இறங்கிவிடும் ஒருவருக்கு வெறும் உறுதிமொழி எங்ஙனம் போதும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. மனம் தெளிந்திருக்கும் வேளையில், தடுமாறவிருக்கும் நாளைய நஃப்ஸுக்குக் கயிறு கட்டுவதே சுயவிலக்கு.

இரண்டாவது, ‘பெயர் பதிவானால் குடும்ப மானம் போய்விடும், பெண் பிள்ளைகளின் திருமணம் தடைப்படும்’ என்பது. மானம் எங்கே போகிறது என்று பார்ப்போம். மஹர் நகை அடகுக் கடைக்குப் போகிறது. உரிமம் பெறாத வட்டிக்காரனின் ஆட்கள் கதவில் சாயம் வீசுகிறார்கள். அண்ணன் கடனை அடைக்கிறார். அடுத்த முறை மாமனார் அடைக்கிறார். கடன் தீர்ந்த கையோடு மறுபடியும் ஆட்டம் தொடங்குகிறது. உதவி என்று எண்ணி உறவினர் கொடுக்கும் பணம் சூதுக்கு முதலீடாகவே முடிகிறது. உண்மையில் மானம் காக்க விரும்பும் குடும்பம் முதலில் தடைக்கு விண்ணப்பிக்கட்டும். கடனைப் பற்றிப் பின்னர் பேசட்டும்.

குடும்ப விலக்கைக் கணவனுக்கு எதிரான மனைவியின் துரோகம் என்போரும் உளர். செல்வத்தை வீணடிப்பவரின் பொருளாதார உரிமையைக் கட்டுப்படுத்தும் ‘ஹஜ்ர்’ என்னும் சட்டம் ஃபிக்ஹில் தொன்றுதொட்டு இருக்கிறது. சூரத்துந் நிஸாவின் ஐந்தாம் வசனம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. பிள்ளைகளின் உணவையும் கல்வியையும் காக்க ஒரு பெண் விண்ணப்பிப்பாளாயின், அவள் அமானிதத்தைப் பேணுகிறாள். அவளைத் தூற்றுவோர் அதனை அழிப்பவருக்குத் துணை நிற்கின்றனர்.

மூன்றாவது, ‘சூதாட்டக்கூடத்திற்கு உரிமம் கொடுப்பதும் அவர்களே, தடைப் படிவம் கொடுப்பதும் அவர்களே’ என்பது. இக்குறையில் உண்மையுண்டு. கூடத்தைத் திறந்து வைத்துவிட்டு, வராமலிருக்கும் பொறுப்பை நோயாளியின் தலையிலேயே சுமத்துவது நேர்மையன்று என்பதை உரக்கவே சொல்கிறோம். இத்தடை எல்லாவற்றையும் அடைப்பதுமில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள கூடங்களுக்கு அது செல்லாது. புதன், சனி, ஞாயிறு எனக் குலுக்கப்படும் நான்கு நம்பர் சீட்டை அடுக்குமாடிக்குக் கீழேயுள்ள கடையில் வாங்குவதையும் அது நிறுத்தாது. ஆனால், தீ வைத்தவன் நீட்டும் வாளி என்பதற்காகத் தண்ணீரை மறுத்து வீட்டை எரியவிடுவோமா? அந்தச் சீட்டை ‘ஒரு வெள்ளிதானே’ என்று நம்மவர் சிலர் பொருட்படுத்தாமல் விடுவதால், தடை எட்டாத இடத்தில் குடும்பமும் ஜமாஅத்தும்தான் காவல் நிற்க வேண்டும்.

வேலை அனுமதியில் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் சகோதரர்களை இங்கே தனியே நினைவூட்டுகிறோம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை; ஆகவே அந்தச் சிறு தயக்கமும் அவர்களுக்கு இல்லை. இராமநாதபுரத்திலோ நாகூரிலோ இருக்கும் மனைவிக்குப் பணம் வராத மாதமே செய்தி. அவர்களும் சுயவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை யார் எடுத்துச் சொல்வது?

ஜாமிஆ சூலியா, பென்கூலன் போன்ற, தமிழில் குத்பா நிகழும் பள்ளிவாசல்களின் நிர்வாகத்தினரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. சூதின் தீமையைப் பேசும் ஜும்ஆ நாளில் இப்படிவத்தைப் பற்றியும் பேசுங்கள். தொழுகைக்குப் பின், இரகசியம் காக்கும் ஒருவர் அலுவலகத்தில் அமர்ந்து, வருபவருக்கு விண்ணப்பிக்க உதவட்டும். தடை பெற்றவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பி வையுங்கள். அவர் அடுத்த வாரம் தொழுகைக்கு வரும்போது, பக்கத்தில் இடம் கொடுங்கள். ஊரை விட்டு நீங்கச் சொன்ன அந்த அறிஞர், போய்ச் சேர நல்லோர் வாழும் ஓர் ஊரையும் காட்டினார் அல்லவா? அந்த ஊராக இருக்க வேண்டியவர்கள் நாமே.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை இத்தீமையிலிருந்து காப்பானாக; மீள விழைவோருக்கு வழியை எளிதாக்குவானாக. ஆமீன்.