"அசல்தானே?" என்ற ஒரு கேள்வி போதாது

பாவித்த மணிக்கூடு வாங்கப் போகும் நம்மவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அசல்தானே?" ஆம் என்று பதில் வந்துவிட்டால் அடுத்த பேச்சு விலையைப் பற்றியது. நானும் அப்படித்தான் கேட்டேன். எனக்குச் சொல்லப்பட்ட பதிலும் பொய்யல்ல, மணிக்கூடு அசல்தான். ஆனாலும் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வெட்கத்தை விட்டு அந்தக் கதையை இங்கு எழுதுவது, இன்னொரு வியாபாரியின் முதல் தப்பட்டும் என்பதற்காகவே.

2022ஆம் ஆண்டின் இறுதி. கையிலிருக்கும் காசு நாளை என்னவாகுமோ என்று நாமெல்லாம் பயந்திருந்த காலம். அந்த வருடம் மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போயிருந்தது. காசாக வைத்திருப்பதை விடப் பொருளாக வைத்திருப்பதே புத்தி என்று பார்ப்பவர் எல்லாம் சொன்னார்கள். பெருநாள் சரக்கு எடுக்க ஒதுக்கியிருந்த பணத்தில் 17 இலட்சம் ரூபாவை எடுத்து, வெள்ளவத்தையில் ஒரு தரகர் மூலமாக ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்றை வாங்கினேன். 1990களின் ஆரம்பத்தில் செய்யப்பட்ட, 36 மில்லிமீற்றர் உருக்கு மணிக்கூடு. தரகர் தனது தொலைபேசியில் வெளிநாட்டு விலையைக் காட்டினார்: 5,500 டொலர். அன்றைய கணக்கில் 20 இலட்சம். வாங்கும்போதே மூன்று இலட்சம் இலாபம் என்று மகிழ்ந்தேன். முகப்பைக் கையால் மூடி இருட்டாக்கி, முட்களும் புள்ளிகளும் பச்சையாக ஒளிர்வதையும் காட்டினார். அதைப் பார்த்து இன்னும் மகிழ்ந்தேன்.

இரண்டு வருடம் கழித்து மகனின் படிப்புச் செலவுக்காக அதை விற்கப் புறப்பட்டேன். கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடமாக மணிக்கூடு திருத்தும் ஒருவரிடம் முதலில் காட்டினேன். பின்மூடியைத் திறந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். முகப்பு திரும்பப் பூசப்பட்டது. சாவி கொடுக்கும் குமிழின் இறப்பர் வளையம் இறுகிப்போய், உள்ளே ஈரம் போயிருக்கிறது; சில திருகாணிகளில் துரு. செயின் இழுபட்டுத் தொங்குகிறது. பொலிஷ் பண்ணிப் பண்ணி உடலின் விளிம்புகள் மழுங்கிவிட்டன. அதன்பின் மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஆகக் கூடியது 8 இலட்சம்.

எனது கடை துணிக்கடை. ஒரு பொதி துணி எடுப்பதென்றால் விரித்துப் பார்ப்பேன், கசக்கிப் பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்து நூலைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் 17 இலட்சம் பெறுமதியான பொருளை மூடியைக்கூடத் திறக்காமல் வாங்கியிருக்கிறேன்.

இழப்பு எங்கே நடந்தது?

பின்னர் கணக்குப் பார்த்தேன். நான் விற்கப்போன நேரம் டொலர் 300 ரூபாவை ஒட்டி இறங்கியிருந்தது. உலகச் சந்தையிலும் பாவித்த ஆடம்பர மணிக்கூடுகளின் விலை 2022இன் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. எனது வகையில் நல்ல நிலையிலுள்ள ஒன்றுக்கு அப்போது நான் பார்த்த விலை 4,500 டொலர். அதாவது பதின்மூன்றரை இலட்சம். ஆகவே மூன்றரை இலட்சம் நாணய மாற்றிலும் சந்தையிலும் போனது. வாங்கி விற்கும் கடைக்காரர் தனது இலாபத்துக்காகக் கழிப்பது ஏறக்குறைய இரண்டு இலட்சம். மீதி மூன்றரை இலட்சமும் பொருளின் நிலையைப் பார்க்காமல் விட்டதற்கு நான் கொடுத்த தண்டம்.

முதலிரண்டும் எல்லா வியாபாரத்திலும் உள்ளவை. மூன்றாவது, அரை மணித்தியாலப் பரிசோதனையில் தவிர்த்திருக்கக் கூடியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மணிக்கூடு தங்கம் போன்றது என்று நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறது. தங்கத்தைச் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனால் நிறையும் கரட்டும் விலையைச் சொல்லிவிடும். நெளிந்தாலும் உடைந்தாலும் தங்கம் தங்கமே. மணிக்கூடு அப்படியல்ல. ஒரே வருடத்தில், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு மணிக்கூடுகளில் ஒன்று மற்றதன் பாதி விலைக்கும் போகும். 2017 ஒக்டோபரில் நடிகர் போல் நியூமன் அணிந்த டேடோனா, நியூயோர்க் ஏலத்தில் சுமார் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்குப் போனதை விற்பவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அந்த விலை அதை அணிந்த மனிதருக்காகக் கிடைத்தது. நமது கையிலுள்ளதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலாவது முகப்பு. விலையில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நமது பகுதிகளில் பழைய முகப்பைப் புதிதாகப் பூசிக் கொடுப்பது நீண்டகால வழக்கம். எழுத்துகள் தடித்தோ கோணலாகவோ இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். 1990களின் பிற்பகுதி வரை வந்த பல சுவிஸ் மணிக்கூடுகளில் ஒளிர்வதற்கு டிரிட்டியம் என்ற பொருளைப் பூசினார்கள். அதன் அடையாளமாக 6 மணிக்குக் கீழே சுவிஸ் என்ற சொல்லின் இருபுறமும் டி என்ற ஆங்கில எழுத்து இருக்கும். டிரிட்டியத்தின் வலு பன்னிரண்டு வருடம் சொச்சத்தில் பாதியாகக் குறைந்துவிடும். முப்பது வருடப் பழைய முகப்பு இருட்டில் பளிச்சென ஒளிர்ந்தால், யாரோ பின்னர் பூசியிருக்கிறார்கள் என்றே பொருள். நான் எதைக் கண்டு மகிழ்ந்தேனோ, அதுவே எனக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை.

இரண்டாவது உடலும் செயினும். செயின் பொருந்தும் கொம்புகள் நான்கும் ஒரே தடிப்பில், கூரான விளிம்போடு இருக்க வேண்டும். புதிது போல் மின்னுவது நல்ல அறிகுறியல்ல; ஒவ்வொரு பொலிஷிலும் உலோகம் தேய்கிறது. சிறு கீறல்களோடு இருக்கும் பொருளே பெரும்பாலும் நேர்மையானது. செயினைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடியுங்கள். வில்லாக வளைந்து தொங்கினால் இணைப்புகள் தேய்ந்துவிட்டன.

மூன்றாவது தொடர் இலக்கம். பழைய ரோலெக்ஸில் அது 6 மணிப் பக்கம் கொம்புகளுக்கிடையில் இருக்கும். செயினைக் கழற்றினால்தான் தெரியும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து கண்ணாடிக்குக் கீழுள்ள உள்வளையத்துக்கு மாறியது. ஏறக்குறைய 2010க்குப் பின் இலக்கங்கள் ஒழுங்கின்றி வருவதால் அதை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. பெட்டியும் அட்டையும் இருந்தால் நல்லது. ஆனால் அட்டையையும் போலியாகச் செய்கிறார்கள்.

நான்காவது இயந்திரம். விநாடி முள் வழுக்கிப் போனால் அசல் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய போலிகளுக்குள்ளும் ஓட்டோமெட்டிக் இயந்திரம்தான் ஓடுகிறது. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டைம்கிராபர் கருவி உள்ள திருத்துநரிடம் கொண்டுபோங்கள். ஒரு நாளைக்கு எத்தனை விநாடி கூடுகிறது, குறைகிறது என்பதையும், சமநிலைச் சில்லு எத்தனை பாகை ஆடுகிறது என்பதையும் அது உடனே காட்டும். முழுச் சாவியில் 250 பாகைக்கு மேல் ஆடினால் பொதுவாக நல்லது. 200ஐ நெருங்கினால் சேவிஸ் செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும். கடற்காற்றும் வியர்வையும் நிறைந்த நமது ஊரில் இறப்பர் வளையங்களைக் கவனிக்காவிட்டால் ஈரம் உள்ளே போய்விடும்.

விலையைப் பேச ஓர் எளிய வழி உண்டு. அதே இலக்க மொடல் வெளிநாட்டில் என்ன விலைக்குக் கேட்கப்படுகிறது என்று பாராதீர்கள். என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். அதை இன்றைய டொலர் விலையால் பெருக்கி, சேவிஸ், செயின், முகப்பு என்று ஒவ்வொரு குறைக்கும் கழியுங்கள். கடைசியாக விற்பவரிடம் கேளுங்கள்: "நாளைக்கு இதையே நான் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?" அவர் சொல்லும் தொகையே அதன் உண்மையான பெறுமதி.

நமது கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

"நமக்குள் எதற்குக் கடதாசி?" என்று சொல்வோர் இருக்கிறார்கள். நானும் அன்று அதைத்தான் சொன்னேன். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நமது வியாபாரத்தை ஆள்கிறது. வாங்குபவர் பரிசோதித்த பொருளில், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவரைப் பொறுப்பாக்க அது இடம் கொடுப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். நான் கேட்கவேயில்லை. விற்றவரின் அடையாள அட்டைப் பிரதியும் என்னிடம் இல்லை. பொருள் களவு போனதாக இருந்திருந்தால் பொலிஸுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாவித்த மணிக்கூடு விற்கும் நமது சகோதரர்கள் பற்றுச்சீட்டில் நான்கு வரி கூடுதலாக எழுதட்டும்: தொடர் இலக்கம், முகப்பு அசலா பூசியதா, மாற்றிய பாகங்கள், கடைசியாகச் சேவிஸ் செய்த திகதி. திருத்துநரிடம் காட்டிவரச் சில நாள் தவணையும் கொடுக்கட்டும். இதனால் வியாபாரம் குறையாது. 2022 டிசம்பரில் ரோலெக்ஸ் நிறுவனமே பாவித்த மணிக்கூடுகளைப் பரிசோதித்து, இரண்டு வருட உத்தரவாதத்தோடு விற்கும் திட்டத்தை ஆரம்பித்தது. அந்த உத்தரவாதத்துக்காக மக்கள் கூடுதலாகவே கொடுக்கிறார்கள். குறையைச் சொல்லி விற்பது நமக்குப் புதிய பாடமுமல்ல. தானியக் குவியலுக்குள் நபிகளார் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அந்த மணிக்கூட்டை 8 இலட்சத்துக்கே விற்றேன். திருத்துநர் சொன்ன குறைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, எனது அடையாள அட்டைப் பிரதியோடு கொடுத்தேன். வாங்கியவர் அதை ஒருமுறை வாசித்தார். அதற்குமேல் ஒரு ரூபாகூடக் குறைத்துக் கேட்கவில்லை. அந்தத் தாளை 2022இல் நான் கேட்டு வாங்கியிருந்தால், அந்தப் பெருநாளுக்கு எனது கடையில் சரக்குக் குறைந்திருக்காது.