பம்புக்குச் சலுகை உண்டு, பாலுக்கு நேரமில்லை

2023 ஜனவரி 1 முதல் மலேசியத் தனியார் துறையில் மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் நாட்டின் தாய்ப்பால் கொள்கையும் 2005 முதல் அதையே சொல்கிறது. 180 நாளில் 98ஐக் கழித்தால் 82 நாள். பிரசவத்துக்கு முன்பே விடுமுறை தொடங்கியிருந்தால் இன்னும் கூடும். ஜொகூர் மாநிலத்தின் ரெங்கத்தில் குடியிருந்து குளுவாங்கிலோ சிம்பாங் ரெங்கத்திலோ செனாயிலோ உள்ள தொழிற்சாலைக்கு விடியலில் கிளம்பும் பெண்ணுக்கு அந்த 82 நாளும் பிள்ளை ஓரிடம், வேலை வேறிடம். இடையில் இருக்கும் ஒரே பாலம், பீய்ச்சி எடுத்து வைக்கும் பால்தான். அந்தப் பாலுக்கு வேண்டிய கருவியைப் பற்றி யோசித்த அரசு, அதற்கு வேண்டிய நேரத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்பதே என் வாதம்.

உடம்பின் கணக்கு எளிமையானது. எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். மார்பில் தேங்கினால், 'இவ்வளவு போதும்' என்று உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு முன் பால் கட்டி, வலியும் காய்ச்சலும் வந்தாலும் வரும். எனவே பிள்ளை குடிக்கும் இடைவெளியை ஒட்டி, ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்தாக வேண்டும். எடுத்த பால் 25 டிகிரி வெப்பம் வரையிலான அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். குளிர்பெட்டியில் நான்கு நாள். உறைநிலையில் ஆறு மாதம் வரை நல்ல தரத்தில் இருக்கும். ஐஸ்கட்டிப் பை வைத்த பெட்டியில் ஒரு நாள் தாங்கும். ஜொகூரின் பகல் வெயில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆகவே வேலையிடத்தில் ஒரு குளிர்பெட்டியோ ஐஸ்கட்டியோ இல்லாமல் காரியம் ஆகாது. குளிர்பெட்டிப் பாலைப் பாட்டிமார் சந்தேகத்தோடு பார்ப்பதும், மீன் குழம்புக்குப் பக்கத்தில் அதை வைக்கத் தயங்குவதும் உண்டு. புட்டியில் தேதி எழுதி, முதலில் எடுத்ததை முதலில் கொடுத்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. ஒரு வகையில் தோட்டத்துச் சனங்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. ரப்பர் மரத்துப் பால் உறைந்துவிடாமலிருக்க அமோனியா சேர்த்து, நேரம் பார்த்து ஆலைக்கு அனுப்பிய தலைமுறைகளின் வாரிசுகள் அல்லவா!

ஆனால் மூன்று மணிக் கணக்கைத் தொழிலாளர் சட்டம் அறியாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவே அரை மணி ஓய்வு தர வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சாப்பாடு, கழிவறை, நடை எல்லாம் அந்த அரை மணிக்குள்தான். பாலூட்டவோ பால் எடுக்கவோ தனி இடைவேளை தரும் பிரிவு அதில் இல்லை. 2022 திருத்தம் வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமையைத் தந்தது உண்மைதான். எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதில் சொல்ல முதலாளிக்கு 60 நாள் அவகாசம். வேலைக்குத் திரும்பிய அன்று விண்ணப்பிக்கும் தாய்க்குப் பதில் வந்து சேரும்போது 82 நாளில் முக்கால்வாசி கரைந்திருக்கும். பதில் 'இல்லை' என்றும் வரலாம்.

இத்தனைக்கும் இந்த மண்ணின் பழைய சட்டங்கள் பிள்ளையை அடியோடு மறந்தவை அல்ல. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டமே தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 1990இன் 446ஆம் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளில் சிறு பிள்ளைகளுக்கான காப்பகத்தை வலியுறுத்துகிறது. நாம் ஆயா கொட்டகை என்று அழைத்தது இதைத்தான். அதை நான் புகழவில்லை. பல கொட்டகைகள் வெறும் தூளிக் கூடங்கள். துரைமார் அதைக் கட்டியது கருணையாலும் அல்ல, காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஆள் குறையக் கூடாது என்பதற்காகத்தான். என்றாலும் பிள்ளை நடைதூரத்தில் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, பெண்கள் தொழிற்சாலைக்குப் போனபோது அந்த நடைதூரம் பஸ் தூரமாயிற்று. கொட்டகைச் சட்டம் தோட்டத்தோடு நின்றுவிட்டது.

அதன் இடத்தில் வந்தது வரிச்சலுகை. 2017 வரி ஆண்டு முதல், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய், பாலூட்டும் கருவிகளுக்காகச் செலவிடும் தொகையில் 1,000 ரிங்கிட் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை கழித்துக்கொள்ளலாம். வருமான வரி கட்டுபவருக்குத்தான் இந்தக் கழிவால் பயன். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் பெண் வரி வரம்புக்கு அருகில்கூட வரமாட்டார். அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ள அறை உள்ளவருக்குக் கருவியும் கிடைக்கிறது, சலுகையும் கிடைக்கிறது. உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கு இரண்டும் இல்லை. கருவி இல்லாமல் கையாலேயே பால் எடுக்கலாம். நேரம் இல்லாமல் எடுக்க முடியாது.

முதலாளிகளின் மறுப்பு தெரிந்ததே: வரிசை நின்றுபோகும், செலவு கூடும். கணக்குப் போட்டே பார்ப்போம். வாரம் ஆறு நாள் வேலை என்றால் 82 நாளில் ஏறத்தாழ 70 வேலை நாள். நாளுக்கு இரண்டு அரை மணி என்றால் 70 மணி நேரம். எட்டு மணி வேலை நாளாக மாற்றினால் ஒரு பிரசவத்துக்கு ஒன்பது நாள்கூட முழுதாக இல்லை. இடம் இல்லை என்பார்கள். தொழுகைக்குச் சூராவ் ஒதுக்கத் தெரிந்த தொழிற்சாலைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறு அறை பெரிய காரியமா? இன்னொரு மறுப்பு கனமானது: சலுகை கூடினால் இளம் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள். அந்த ஆபத்து உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் அதே அச்சம் விடுமுறையை 98 நாளாக்கியபோதும் எழுந்தது. அரசு அதற்காகப் பின்வாங்கவில்லை, கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்வதற்கும் கட்டுப்பாடு விதித்தது. புட்டிப்பால் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவுப்பால் கொடுக்கும் தாயை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், வேலை நேரம் திணித்ததாக இருக்கக் கூடாது. அப்படித் திணிப்பதும் புதிதல்ல: டின்பாலைப் பிள்ளை உணவாக விற்ற வணிகத்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் கண்டித்துப் பேசியது 1939இல்.

நாடு முன்னேறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 2006இல் 14.5 விழுக்காடு, 2016இல் 47.1. ஆனால் விடுமுறையில் வீட்டிலிருக்கும் தாய்மாரின் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி. உண்மையான சோதனை 99ஆம் நாள் காலையில்தான் தொடங்குகிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்ப் பெண்களுக்கு அது 85ஆம் நாளிலேயே. பிள்ளை அந்நாட்டுக் குடிமகனாக இல்லாவிட்டால் விடுமுறை 12 வாரம்தான்.

இந்தியா தன் 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் தொடங்கி, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகிறது. இலங்கைச் சட்டம் ஒரு வயது வரை இரண்டு இடைவேளை தருகிறது. காப்பகம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. 2000ஆம் ஆண்டின் 183ஆம் அனைத்துலகத் தொழிலாளர் ஒப்பந்தம் அந்த நேரத்தைச் சம்பளத்தோடு சேர்ந்த வேலை நேரம் என்கிறது. மலேசியா அதை இன்னும் ஏற்கவில்லை. சட்டம் திருந்தும்வரை தொழிற்சங்கங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு உட்காரும்போது, சம்பள உயர்வுக்குக் கீழே இதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டு போங்கள்: நாளுக்கு இரண்டு அரை மணி, பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு குளிர்பெட்டி.