மொட்டை காரும் ஒட்டடைக் கம்பும்

"மாப்ள, அடுத்த மாசம் ட்ராக் டே போறேன். பக்கத்து சீட்டு காலி, வர்றியா?"ன்னு நண்பன் கேட்டப்ப நியாயமா நான் குதிச்சிருக்கணும். வரமாட்டேன்னுட்டேன். நீயும் போகாதேன்னு வேற சொல்லித் தொலைச்சேன். ரெண்டு வாரம் பேச்சே இல்லை. இப்ப பேசறோம். நடுவுல நடந்ததைத்தான் சொல்லப் போறேன்.

நண்பனுக்குத் திருச்செங்கோடு. வீட்ல ரிக் வண்டித் தொழில். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரெண்டு சீட்டர் வாங்கியிருக்கான். பட்டனை அமுக்குனா கூரை மடிஞ்சு பின்னாடி போயிரும். அவங்க அப்பத்தா வச்ச பேரு மொட்டை காரு.

ட்ராக் டேன்னா ரேஸ் இல்லீங்க. பணம் கட்டிட்டு நம்ம சொந்த வண்டியை மூடின பந்தயத் தடத்துல ஓட்டலாம். கப்பு கிடையாது, முதலிடம் கிடையாது. நமக்குப் பக்கம் ரெண்டு இடம்: கோயமுத்தூர் செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே, இல்லேன்னா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர், 1990ல வந்தது.

ட்ராக்குக்குப் போறதுக்கு நான் எதிரியே இல்லை. வேகமா ஓட்டணும்னு அரிப்பு இருக்கிறவன் அங்கதான் போகணும். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல சேலம் - நாமக்கல் நாலுவழிச் சாலைல சில பேர் பறக்கறாங்க பாருங்க, அதை விட ஆயிரம் மடங்கு மேல். நம்ம ரோட்டுல டிவிஎஸ் 50ல பால் கேன் கட்டிட்டு ராங் சைடுல ஒருத்தர் வருவார், முட்டை வண்டி இண்டிகேட்டர் போடாம திரும்பும். ட்ராக்ல அது இல்லை. எல்லாரும் ஒரே திசை, கொடி காட்ட ஆள், ஓரத்துல ஆம்புலன்ஸ்.

என் பிரச்சினை அந்த வண்டியோட தலை மேல. அதாவது தலை மேல ஒண்ணும் இல்லாதது மேல.

சாதாரண கார் கவிழ்ந்தா கூரையும் அதைத் தாங்கற தூண்களும் எடையை வாங்கிக்கும். மொட்டை கார்ல முன்கண்ணாடிச் சட்டமும், சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற வளையமும்தான். கூரையை மூடி ஓட்டினா ஆச்சேன்னு கேப்பீங்க. அது துணிங்க. கை வெளிய போகாம வேணா பாத்துக்கும்.

நண்பன் என்ன சொன்னான்? "வண்டி தரையோட தரையா இருக்குடா, இது எங்க கவுறப் போகுது?" பாதி நியாயம். தார் மேல வழுக்கிட்டே போனா இவ்வளவு தாழ்வான வண்டி லேசுல கவுறாது. ஆனா பக்கவாட்டுல வழுக்கி மண்ணுக்குள்ள இறங்கி சக்கரம் புதைஞ்சா, இல்லே இன்னொரு வண்டியோட உரசினா, கதையே வேற. 2023 ஜனவரியில இருங்காட்டுக்கோட்டைல தேசிய கார் பந்தயத்துல கே.ஈ. குமார் இறந்து போனார். வயசு 59, அந்தத் தடத்தை நல்லா அறிஞ்ச மூத்த பந்தய வீரர். இன்னொரு வண்டியோட மோதி, தடத்தை விட்டு விலகி, வேலில இடிச்சு, வண்டி தலைகீழா விழுந்துச்சு. அது ரேஸ், அதுவும் கூரை போட்ட வண்டி. அதுக்கே அப்படி.

2022ல சில்வர்ஸ்டோன் ஃபார்முலா 1 பந்தயம் பார்த்தவங்களுக்கு சோ குவான்யூ ஞாபகம் இருக்கும். வண்டி தலைகீழா இழுத்துட்டுப் போச்சு. தலைக்குப் பின்னாடி இருக்கிற வளையம் தரையில பட்டதும் உடைஞ்சு போச்சு. காப்பாத்தினது 2018ல கட்டாயமாக்கின ஹேலோ. ஃபார்முலா 1 வளையமே உடையுது, இவன் ஷோரூம் வளையத்தை நம்பறான்.

கார் கம்பெனிக்காரனைக் குறை சொல்லலை. 1989லயே மெர்சிடிஸ் எஸ்.எல். வண்டியில, கவிழப் போறது தெரிஞ்சா தானா எந்திரிக்கிற வளையம் வச்சாங்க. ஆனா அதெல்லாம் ரோட்டுக்கு. ஹெல்மெட் போட்டா நம்ம தலை ரெண்டு இஞ்ச் உயருது. அந்தக் கணக்கு அதுல இல்லை.

"அவ்வளவுதானே, நாமக்கல்லுல லாரிக்கே பாடி கட்றோம். ஒரு ரோல் பார் கட்ட முடியாதா?" இது நண்பனோட அடுத்த ஐடியா. சத்தியமா எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. தெரிஞ்ச பாடி பில்டர் அண்ணன்கிட்ட போனோம். வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். அப்புறம் பட்டறை மூலையில கிடந்த ஒரு கேபினைக் காட்டினார். எங்கயோ கவிழ்ந்து வந்த லாரி. மேல் தகடு ஸ்டியரிங் மேல உக்காந்திருந்துச்சு.

"தம்பி, குழாயை வளைச்சு வெல்டு வைக்க எனக்கு அரை நாள் போதுமுங்க. ஆனா அது எதைப் புடிச்சு நிக்கும்? கீழ இருக்கிறது மெல்லிசுத் தகடு. கவுந்தா குழாய் நிக்கும், தகடு கிழிஞ்சுக்கும். நான் பண்ண மாட்டனுங்க."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டார். இஞ்சினியரிங் படிச்ச எனக்கு உறைக்காதது அவருக்கு உறைச்சுது. வீட்டுக்கு வந்து எஃப்.ஐ.ஏ. விதியைப் புரட்டினா அவர் சொன்னதே இருக்கு. முக்கிய வளையத்துக்குத் தையல் இல்லாத குழாய், 45 மில்லிமீட்டர் விட்டம்னா 2.5 கனம், 50ன்னா 2 கனம். அடியில கெட்டித் தகடு வச்சுப் புடிக்கணும். தண்ணிக் குழாய்ல வளைச்சா பாக்க அம்சமா இருக்கும், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், ரோட்டுல ஹெல்மெட் இல்லாம ஓட்டும்போது தலைக்குப் பக்கத்துல வெறும் இரும்புக் குழாய் இருக்கிறதே ஆபத்து. பின்னாடி ஒருத்தன் இடிச்சா மண்டை அதுலதான் போய் அடிக்கும்.

நாலு முனை பெல்ட் மட்டும் வாங்கி மாட்டறேன்னான். அது இன்னும் மோசம். சாதா பெல்ட்டுன்னா உடம்பு கொஞ்சமாவது சாயும். இது நிமித்தி உக்கார வச்சுரும், மேல கூண்டு இல்லேன்னா தலைதான் தூண். 2025ல துபாய் பயிற்சியில அஜித் வண்டி சுவத்துல மோதிச் சுத்தினதை எல்லாரும் ஷேர் பண்ணீங்களே, அவர் பாட்டுக்கு இறங்கி நடந்தார். உள்ள முழு இரும்புக் கூண்டு, கூண்டோட சேர்ந்த பெல்ட், சீட்டு, எல்லாம் ஒரே செட்டு. பாதி செட்டு வாங்கினா பாதிப் பாதுகாப்பு கிடைக்கும்னு நினைக்கக் கூடாது.

கடைசியா ஒரு டெஸ்ட் பண்ணினோம். வெளிநாட்டு ட்ராக்குகள்ல பண்றதுதான். ஹெல்மெட் மாட்டி பெல்ட் போட்டு சீட்டுல உக்காரணும். பின் வளையத்து உச்சியிலிருந்து முன்கண்ணாடி உச்சிக்கு ஒரு நேர் கம்பை வைக்கணும். ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் கீழ ரெண்டு இஞ்சாவது இருக்கணும். நாங்க ஒட்டடைக் கம்பு வச்சோம். ஆறடி ஆளு. கம்பு கண்ணாடியைத் தொடவே இல்லை, ஹெல்மெட் மேல ஏறி நின்னுச்சு.

அப்பத்தா திண்ணைல இருந்து, "ஏங்கண்ணு, அவன் மண்டையில எதுக்கு ஒட்டடை அடிக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் அப்பத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம்.

மொட்டை காரே ட்ராக்குக்கு ஆகாதுன்னு சொல்லலை. முறையா கட்டின ரோல் பார், கம்பு டெஸ்ட்ல பாஸ், அப்ப தாராளமா போங்க. இல்லேன்னா கூரை போட்ட வண்டியை எடுத்துட்டுப் போங்க. கத்துக்கிறதுக்கு சின்ன ஹேட்ச்பேக் போதும், சொல்லப் போனா அதுலதான் நல்லா கத்துக்க முடியும்.

மத்ததெல்லாம் சில்லறைச் செலவு. பிரேக் ஆயில் புதுசா மாத்துங்க, பழசு தண்ணி கோத்துக்கிட்டு சூட்டுல கொதிச்சா பெடல் பொத்துன்னு உள்ள போயிரும். பைக் ஹெல்மெட் வேண்டாம், கார் பந்தய ஹெல்மெட்டைத்தான் நெருப்புக்கும் ரோல் பார்ல இடிக்கிறதுக்கும் சோதிக்கிறாங்க. டேஷ்போர்டு பிள்ளையாரைக் கழட்டி வீட்ல வச்சிருங்க, மோதினா அவரும் பறப்பார் (எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில நசுங்கட்டும், ஆட்சேபணை இல்லை). அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசியைப் படிங்க. பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் பொருந்தாதுன்னு நம்ம ஊர் பாலிசியிலயே போட்டிருக்கும். செலவு மொத்தமும் நம்ம தலைல.

நண்பன் அடுத்த மாசம் செட்டிபாளையம் போறான், அவங்க அப்பாவோட பழைய ஸ்விஃப்ட்ல. பக்கத்து சீட்டுல நான். மொட்டை காருக்கு வேற டூட்டி கொடுத்தாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை ஏற்காடு, இருபது கொண்டை ஊசி வளைவு, கூரையைத் திறந்து முப்பதுல. அப்பத்தாவும் வர்றேன்னிருக்காங்க. ரெண்டு சீட்டுதான், அதனால எனக்கு பஸ்.