எச்சரிக்கை மட்டும் போதாது

நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்துள்ள பட்டிப்பொலவைச் சூழவுள்ள மலைச்சரிவுகளில் மழைக்காலம் அச்சத்தின் காலமாகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வகுத்துள்ள போதிலும், லயன் குடியிருப்பாளர்கள் பலருக்கு வெளியேறிச் செல்லச் சொந்தக் காணி இல்லை. முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தும் 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதையுண்டன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியும் மலையகத்தில் உயிர்களைப் பறித்தது.

தோட்டங்களில் சேவையாற்றப் பிரதேச சபைகளுக்குத் தடையாயிருந்த 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. இனியும் சபைகள் சாட்டுக் கூற முடியாது. அபாய வலயக் குடும்பங்களைச் சபைகள் பட்டியலிட வேண்டும். தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்ட காணிகளிலிருந்து பாதுகாப்பான நிலத்தை அரசாங்கம் அவர்களுக்கு உரித்துடன் வழங்க வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.