மனநோய்க்கு இல்லாத காப்புறுதி

யாழ்ப்பாணத்தில் மனநலச் சிகிச்சை நிலையமொன்றைத் தனியாராக ஆரம்பிக்க விரும்புபவர், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி விண்ணப்பித்து, பதிவு பெற்று, அதனை வருஷந்தோறும் புதுப்பிக்கவும் வேண்டுமென்பது நோயாளியின் க்ஷேமத்தை உத்தேசித்த நியாயமான நிபந்தனையே. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால், பதிவுப் பத்திரத்தைச் சுவரில் மாட்டிய பின்னர், காப்புறுதிக் கம்பனிகளுடன் ஒப்பந்தம் செய்ய முற்படும்போதுதான் மெய்யான தடை எதிர்ப்படுகிறது. வைத்தியக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றின் பின்பக்கங்களில், பொடி எழுத்தில், விலக்கப்பட்டவற்றின் வரிசையில் மனநோயும் நிற்கக் காணலாம். விலக்காத பத்திரமும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இராத் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தரும். மனநல வைத்தியமோ, எதிரே அமர்ந்து, பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்டு, மறுபடியும் வரச்சொல்லி, மாதக்கணக்கில் நிகழ்வது. யுத்தம் நம் மக்களின் மனங்களில் இட்ட வடுக்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இலேயே ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதினார். அத்தகைய மண்ணில், முறிந்த எலும்புக்குப் பணம் கொடுத்து முறிந்த மனத்தைப் புறக்கணிப்பது கொடிய அநீதி. மனநோய் பற்றிய நமது மூலச் சட்டமே 1873இல் பிறந்தது என்பதையும் இங்கு நினைக்கத்தான் வேண்டும். அயலிலுள்ள இந்தியா, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தினால், உடல்நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்புறுதி வழங்கவேண்டுமென விதித்துவிட்டது. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் அவ்வாறே பணிக்க வேண்டும். வாசகர்களும், அடுத்த தவணைப் பணத்தைக் கட்டுமுன், தத்தம் பத்திரத்தின் விலக்குகளை வாசித்துப் பார்த்து, முகவரிடம் காரணம் கேட்க வேண்டும்.