தடுமாறிய வாசிப்பு



நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் நெடுநாள் வாலிபர் ஊழியம் செய்தவன் நான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆகவே இங்கே தமிழ் வீடுகளில் ஜெபம் தமிழில். பிள்ளைகளின் பாடமோ பெரும்பாலும் மலையாளத்தில்.

ஒரு வாலிபர் கூட்டத்தில் தம்பி ஒருவன் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான். "வேறு யாராவது வாசியுங்கள்" என்றேன். சில நிமிடங்கள் மிச்சமாயின. அவனோ மறுவாரம் வரவில்லை. ஆறு மாதம் கழித்தே வீடு தேடிப் போனேன். "வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டான், ஐயா" என்றார் அவன் தாயார். நான் பேச்சற்று நின்றேன்.

1881 இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கிறிஸ்டியன் எண்டவர் சங்கத்தைத் தொடங்கிய போதகர் பிரான்சிஸ் கிளார்க், ஒவ்வொரு வாலிபனும் கூட்டத்தில் ஏதேனும் பங்கெடுப்பதாக உறுதிமொழி வாங்கினார். வெறுமனே கேட்டிருப்பவன் விருந்தாளி. தடுமாறியாவது பங்கெடுப்பவன் வீட்டுப் பிள்ளை. இதை நான் தாமதமாகவே கற்றேன்.

பம்பிலியாவில் பின்வாங்கிய மாற்குவைப் பவுல் ஒதுக்கினார், பர்னபா சேர்த்துக்கொண்டார். பின்னாளில் மாற்குவை அழைத்துவரும்படி பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

நகரத்தில் குடியேறிய பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் தமிழ் வேதத்தைத் தடுமாறியே வாசிக்கக்கூடும். நகைக்காதீர்கள், வசனம் முடியுமட்டும் காத்திருங்கள். வராதவனை அந்த வாரமே தேடிச் செல்லுங்கள். உங்கள் சபையின் கடைசி வரிசையில் அந்தத் தம்பியைப் போன்ற ஒருவன் அமர்ந்திருக்கலாம். அவனிடம் வேதாகமத்தைக் கொடுங்கள்.